சமையலறைக்கு எரிவாயு வரும்போது



எரிவாயு அடுப்பு இல்லாத சமையலறை இன்று நம்மிடையே அரிது. கடையில் சொல்லிவிட்டால் தோம்பு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. கொண்டு வந்தவரே அதை மாட்டிக் கொடுக்கிறார். குமிழைத் திருப்பினால் நீலச் சுடர் எரிகிறது. இவ்வளவு எளிதாக வந்துவிட்ட காரணத்தால், தோம்பை எங்கே வைப்பது, குழாயை எப்படிப் பொருத்துவது, சமையலறைக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்பவற்றை நாம் நிதானமாக எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சில் அவற்றை எண்ணிப் பார்ப்போம்.

கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2007இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர்! செம்பனை அவ்வளவு முன்னதாக வந்தாலும், அதன்பின் பல பத்தாண்டுகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பரும் இருந்தது. பிற்பாடு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனையை நட்டார்கள்.

இந்த மாற்றம் அடுப்படியையும் தொட்டது. ரப்பர்க் காட்டில் காய்ந்து விழும் கிளைகளும், மறுநடவுக்காகச் சாய்த்த மரங்களும்தாம் லயத்துத் தாய்மார்களுக்கு விறகு. செம்பனையில் அப்படிப்பட்ட கிளைகள் கிடையா. விறகு குறையக் குறைய மண்ணெண்ணெய் அடுப்பும், அதன் பின்னால் எரிவாயுத் தோம்பும் வீட்டுக்குள் வந்தன.

இதில் நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. திறந்த விறகடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பாத்திரத்தைச் சேரும். மிச்சமெல்லாம் வீணே போகும். நல்ல எரிவாயு அடுப்பில் நூற்றுக்கு ஐம்பது, அறுபது பங்கு பாத்திரத்துக்குப் போகிறது. கண்ணெரிச்சலும் இருமலும் தந்த புகையும் போய்விட்டது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து விறகு பிளக்க வேண்டிய வேலையும் பெண்களுக்கு ஒழிந்தது.

ஆனால் அடுப்பு மாறிய அளவுக்கு அடுப்படி மாறவில்லை. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

பழைய லயத்து அடுப்படியை நினைத்துப் பாருங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். சில வீடுகளில் சுவரின் உச்சியில் ஓட்டை போட்ட கற்களைப் பதித்திருப்பார்கள். காரணம், புகை சூடானது. சூடான காற்று மேலே போகும். ஆகவே வழியையும் மேலே வைத்தார்கள். விறகடுப்புக்கு அது சரியான ஏற்பாடு.

தோம்பிலிருந்து கசியும் எரிவாயுவின் குணம் இதற்கு நேர்மாறானது. தோம்பில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரோப்பேன் காற்றைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. எனவே கசிந்த வாயு மேலே ஏறாது. தண்ணீரைப் போலத் தரையில் பரவி, பள்ளம் தேடி ஓடும். மேசைக்கு அடியில், அலமாரிக்குள், மூலையில் போய்த் தேங்கும். பின்வாசல் வழியாக லொங்கானுக்குள் இறங்கினால் அங்கேயும் தங்கும். உச்சியில் எத்தனை ஓட்டைகள் இருந்தாலும் அவற்றால் பயன் அதிகம் இல்லை. தரையை ஒட்டி வழி இருந்தால்தான் அது வெளியேறும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவுக்கு இந்த வாயு கலந்துவிட்டாலே தீப்பற்றும். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள அடுப்படி ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த அறை முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கும் குறைந்த வாயு போதும். நம் வீட்டுத் தோம்பில் இருப்பதோ 12 அல்லது 14 கிலோ! அதிலும் வாயு அறை முழுதும் பரவுவதில்லை. முழங்கால் உயரத்துக்குத் தரையில் தேங்கினால், 150 கிராம் அளவே ஆபத்துக்குப் போதுமானது. தோம்பின் உள்ளே இது அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். சிறு கசிவு என்று எண்ணுவது விரைவில் பெரிதாவதற்கு இதுவே காரணம்.

இனி, அடுப்பை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

முதலாவது, தோம்பின் இடம். வீட்டுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டி, வெயிலும் மழையும் படாத நிழலில், சமதரையில் நிமிர்த்தி வைப்பதே நல்லது. லொங்கானை விட்டு முடிந்த அளவு தள்ளி வையுங்கள். சுவரில் துளையிட்டுக் குழாயைக் கொண்டு வரும்போது, கல்லின் விளிம்பு குழாயை அறுக்காதபடி துளைக்குள் ஓர் உறை போடச் சொல்லுங்கள். வெளியே வைக்க வசதி இல்லையென்றால், காற்றோட்டமுள்ள பின்வாசல் ஓரத்தில் வையுங்கள். கதவு போட்ட அலமாரிக்குள் வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் கசிவு அங்கேயே தேங்கி நிற்கும். அப்படித்தான் வைக்க வேண்டுமென்றால் அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் துளைகள் இருக்கட்டும். தோம்பைப் படுக்க வைப்பது எக்காலத்திலும் கூடாது. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும். தோம்பு தீரும் சமயத்தில் அதைச் சாய்த்து ஆட்டுவதும், வெந்நீரில் நிறுத்துவதும் சிலரிடம் உள்ள வழக்கம். கால் கிலோ வாயுவை மிச்சம் பிடிக்க வீட்டையே பணயம் வைப்பதற்கு ஒப்பானது அது.

இரண்டாவது, அடுப்பின் இடம். அடுப்பு மேடையின் மேல், தோம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். சன்னலுக்கு நேராக வைத்தால் காற்றடித்துச் சுடர் அணையும். குமிழ் திறந்திருக்க, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். திரைச்சீலை, காகிதம், எண்ணெய்ப் புட்டி ஆகியவை பக்கத்தில் வேண்டாம்.

மூன்றாவது, ரெகுலேட்டரும் குழாயும். தோம்பின் உள்ளே இருக்கும் அழுத்தம் மிக அதிகம். அதை அடுப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையாவது வாங்கக் கூடாது. நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்தின் கீழ் எரிசக்தி ஆணையம் இவற்றுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. அந்த அங்கீகாரத்தையும் சிரிம் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இரு முனைகளிலும் உலோகக் கவ்வி போட்டு இறுக்க வேண்டும். கம்பியால் சுற்றிக் கட்டுவது போதாது. குழாயை அடுப்புக்கு அடியிலோ பின்னாலோ சூடு படும்படி கொண்டு போகாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுக் குழாய் மாற்றுங்கள். ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. தோட்டப்புற வீடுகளில் எலித் தொல்லை உண்டு. எலி கடித்த தடமோ வெடிப்போ தெரிந்தால், அந்தக் குழாய் நேற்று வாங்கியதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.

நான்காவது, சோதனை. புதுத் தோம்பு மாட்டும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலந்து, வால்வைத் திறந்து, ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் குழாயின் இரு முனைகளிலும் துணியால் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பது அறவே கூடாது. தோம்பு கொண்டு வந்தவர் அவசரத்தில் இருப்பார். அவர் போவதற்கு முன்னால் அவர் கண் எதிரிலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது, அன்றாட வழக்கம். மின்பொறி இல்லாத அடுப்பானால், முதலில் தீக்குச்சியைக் கொளுத்துங்கள். பிறகு குமிழைத் திருப்புங்கள். சமையல் முடிந்ததும் அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடுங்கள். இரவில் எலி குழாயைக் கடித்தாலும் அப்போது அதில் வாயு இராது.

நேயர்களே, புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பாக நாம் உணரத்தக்க வாடை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோசைப் போன்ற அந்த நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. டுரியான் பழத்திலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். வாயு கசிகிறது என்ற ஐயம். தீயணைப்பு வீரர்கள் முகமூடி அணிந்து தேடியபோது, ஓர் அலமாரியில் டுரியான் பழம் அழுகிக் கிடந்தது தெரிய வந்தது! டுரியான் பருவத்தில் நம் வீடுகளிலும் இந்தக் குழப்பம் வரலாம். மெல்பர்ன்காரர்கள் செய்தது முற்றிலும் சரியே. நாற்றம் வந்தால் முதலில் வாயு என்றே கொள்ளுங்கள். பழம் என்று தெரிந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூக்கு எந்த நாற்றத்துக்கும் சிறிது நேரத்தில் பழகிவிடும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது தெரியாமலே போகலாம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பிள்ளை, "என்னம்மா நாற்றம்?" என்று கேட்டால், வீட்டிலிருப்பவர் தனக்குத் தெரியவில்லை என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

வாயு நாற்றம் வந்தால் என்ன செய்வது? விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் சிறு பொறி உண்டாகும். மின்விசிறிக்கும் கைப்பேசிக்கும் இதே விதி. கதவு சன்னல்களைத் திறந்து, எட்டும் நிலையில் இருந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, எல்லாரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெளியே போன பின்பு 999க்குக் கூப்பிடுங்கள். நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம் சாமி விளக்கு. தரையில் எரியும் குத்துவிளக்கும், தரையில் தவழ்ந்து வரும் வாயுவும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. தோம்பு இருக்கும் அறையிலும் அதன் அடுத்த மூலையிலும் எந்நேரமும் எரியும் விளக்கு வைக்காதீர்கள். சாமி மேடையை முன்கூடத்தில் வைப்பது நல்லது. தோம்பு மாற்றும் வேளையில் விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் எரியக் கூடாது. தோம்பைச் சுற்றியே தீ எரிந்தால், அதை அணைக்க வீரம் காட்டாமல் விலகி ஓடுவதே அறிவு.

இதுவரை சொன்னது எரியாமல் கசியும் வாயுவைப் பற்றி. எரியும் வாயுவாலும் ஓர் ஆபத்து உண்டு. அது சத்தமும் போடாது, நாற்றமும் அடிக்காது. ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். முன்னே சொன்ன அடுப்படியில் இருக்கும் காற்று முழுவதும் 20 கன மீட்டர்தான். புதுக் காற்று உள்ளே வராவிட்டால் சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு அது உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம்.

இதைக் குளிர்நாடுகளில் அனுபவப்பட்டே கற்றார்கள். கனடாவில் டொரண்டோ நகரில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றில் நிலவறையில் ஓர் எரிவாயுக் கணப்புப் பொறி இருக்கும். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது அதுதான். பழைய பொறிகள் வீட்டுக்குள்ளிருந்தே காற்றை எடுத்து, சூடான புகையைப் புகைபோக்கி வழியே மேலே விட்டன. வெப்பத்தில் ஒரு பங்கு அதோடு போயிற்று. புதிய உயர்திறன் பொறிகள் அந்தப் புகையிலிருக்கும் நீராவியைக்கூடக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் மீட்டுக்கொள்கின்றன. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீட்டுக்குப் பயன்படுகிறது. புகை குளிர்ந்துவிடுவதால் அது தானாக மேலே ஏறாது. விசிறி ஒன்று அதைப் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. எரிவதற்கு வேண்டிய காற்றையும் பல பொறிகள் வேறொரு குழாய் மூலம் வெளியிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே அங்கே அதைப் பொருத்துவோர் முதலில் பார்ப்பது காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும்தான். பனி குவிந்து அக்குழாய்களின் வாய் அடைபடக் கூடாது.

அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2008 டிசம்பரில் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வூட்ஸ்டாக் என்ற ஊரில், எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டதால் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே மாண்டது. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பயனாக, எரிபொருளால் இயங்கும் பொறி உள்ள வீடுகளில் இந்த நச்சு வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி கட்டாயமாயிற்று.

நம் நாட்டில் பனி இல்லையே, நமக்கு என்ன என்று கேட்கலாம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன நம் குடும்பங்கள் பல, பின்புறத்தை எல்லைச் சுவர் வரை நீட்டிக் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்குகின்றன. இடம் கிடைத்தது, ஆனால் சன்னல் போயிற்று. திருடன் வருவான் என்று கீழ் ஓட்டைகளையும் கரப்பான் வரும் என்று மேல் ஓட்டைகளையும் அடைக்கிறோம். குளிர்சாதனப் பெட்டி வைத்த பிறகு கதவையும் சாத்துகிறோம். குளிர்நாட்டார் பனிக்குப் பயந்து வீட்டை மூடுவதுபோல நாமும் மூடத் தொடங்கிவிட்டோம். அவ்வாறு நீட்டிக் கட்டும்போது, கொத்தனாரிடம் இரண்டு வழிகள் கேளுங்கள்: தரையை ஒட்டி ஒன்று, கூரையை ஒட்டி ஒன்று, இரண்டும் வெளிக்காற்றை நோக்கித் திறக்கட்டும். கீழே உள்ளது கசிவு வெளியேறவும் புதுக் காற்று நுழையவும்; மேலே உள்ளது சூடும் புகையும் போகவும். குளியலறைக்கு எரிவாயு வெந்நீர்ப் பொறி வைப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் வைக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கதகதப்பு வேண்டுமென்று சாத்திய அறைக்குள் கரித்தணல் வைக்கும் பழக்கத்தையும், வெள்ளம் வந்து மின்சாரம் போன நாளில் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதையும் விட்டுவிட வேண்டும். அவையும் அதே நச்சு வாயுவையே தருகின்றன.

சுடரின் நிறம் நமக்கு ஒரு நல்ல அடையாளம். நீலமாக எரிந்தால் காற்று சரியாகக் கலக்கிறது. மஞ்சளாக எரிந்து சட்டியின் அடியில் கரி பிடித்தால், அடுப்பின் துளைகள் அடைபட்டிருக்கலாம், சுத்தம் செய்யுங்கள். அதன் பின்னும் மாறாவிட்டால் அனுபவமுள்ளவரை அழைத்துக் காட்டுங்கள். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் தெளிந்தால், மருந்து தேடுமுன் காற்றைத் தேடுங்கள். பிறகு மருத்துவரிடம் சென்று, வீட்டில் என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

இன்று மாலை சமையலைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தோம்புக்கு அருகே குனிந்து, தரையை ஒட்டிக் காற்று போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை விரலால் தடவி வெடிப்பு உண்டா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, நாற்றம் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். விறகடுப்பைக் கட்டிய நம் பாட்டிமார் புகை போகும் திசையை அறிந்து அடுப்படியை அமைத்தார்கள். எரிவாயு போகும் திசையை அறிந்து நாம் நம் அடுப்படியை அமைத்துக்கொள்வோம்.